பாட்டி சுட்ட வடையில் கழித்தல் கணக்கு! கதையை நடித்துக் கணக்குப் படிக்கும் குழந்தைகள்

கணக்கு என்றால் பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கதை என்றால் அந்தக் காய்ச்சல் பறந்துவிடும்!

கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அதைப்போல, கணக்கைக் கதையில் குழைத்துக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. கதையைச் சொல்வதோடு நிறுத்தாமல், பிள்ளைகளையே பாட்டியாகவும், காக்காயாகவும், ராஜாவாகவும் நிறுத்தி நடிக்க வைப்பது அந்த முறை. நாடகம் முடியும்போது, கரும்பலகையில் ஒரு கணக்கும் முடிந்திருக்கும்.

இது வெறும் விளையாட்டா? இல்லை. இதற்குப் பின்னால் பெரிய கவலை ஒன்று இருக்கிறது.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு

இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தையிடம், “52-ல் 27 போனால் மீதி எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள்.

“35” என்று பதில் சொல்லும் குழந்தைகள் ஏராளம்.

இந்த 35 எங்கிருந்து வந்தது? “2-ல் 7 போகாது, அதனால் 7-ல் 2 போகட்டும்” என்று குழந்தை திருப்பிப் போட்டுவிட்டது. மீதி 5. பிறகு 5-ல் 2 போக 3. ஆக மொத்தம் 35! குழந்தை முட்டாள் அல்ல. தனக்குத் தெரிந்த வழியில் யோசித்திருக்கிறது. ஆனால், 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்தது என்பது அதன் மனதில் பதியவில்லை.

“பக்கத்திலிருந்து ஒன்று கடன் வாங்கு” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். குழந்தையும் ஒன்றை வாங்குகிறது. ஆனால் வாங்கியது ஒன்றா, பத்தா? அது புரியாது. புரியாமலே நாலாம் வகுப்புக்குப் போகும். பெருக்கலில் தடுமாறும். வகுத்தலில் விழும். பின்னச் சதியைப் பார்த்ததும் நோட்டை மூடிவிடும்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. நாட்டின் கிராமப்புறங்களில் ‘அசர்’ என்ற பெயரில் நடத்தப்படும் கணக்கெடுப்பு இருக்கிறது. 2024-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இப்படிப்பட்ட இரண்டு இலக்கக் கழித்தலைச் செய்யத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 33.7 சதவீதம்தான். மூன்று பேரில் ஒருவர்! ஐந்தாம் வகுப்பில் மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம். 2022-ல் இருந்ததைவிட இது மேல்தான் என்றாலும், மீதிப் பிள்ளைகளின் கதி என்ன?

2005-ம் ஆண்டு வந்த தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு, குழந்தைகள் கணக்கைக் கண்டு பயப்படக் கூடாது, அதை ரசிக்க வேண்டும் என்று சொன்னது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கதை சொல்லிப் பாடம் நடத்துவதையும், கலைகளோடு சேர்த்து நடத்துவதையும் பேசியது. 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டம், மூன்றாம் வகுப்பு முடியும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்றும், இதை 2026-27-க்குள் முடிக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்தது. தமிழ்நாட்டில் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் வகுப்புக்குள் நுழைந்தன.

சட்டம், திட்டம் எல்லாம் சரி. வகுப்பில் எப்படி நடக்கிறது?

பாட்டி கடையில் பத்து பத்தாக

நம் எல்லோருக்கும் தெரிந்த கதை, பாட்டி வடை சுட்ட கதை. அதையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு சிறுமி பாட்டி. அவள் முன்னால் அட்டையில் வெட்டிய வடைகள். கடைக்கு ஒரு சட்டம் உண்டு: பத்து வடை சேர்ந்தால் அதை ஒரு தட்டில் அடுக்கிவிட வேண்டும். பத்துக்குக் குறைந்தால் உதிரி.

பாட்டி சுட்டது 52 வடை. அப்படியானால் 5 தட்டு, 2 உதிரி.

ஒரு பையன் வருகிறான். அவன் கல்யாண வீட்டுக்காரன்.

“பாட்டி, இருபத்தேழு வடை கொடுங்க!”

“ரெண்டு தட்டு எடுத்துக்கோப்பா. ஆனா உதிரி ஏழு வேணுமே! என்கிட்ட ரெண்டுதானே இருக்கு?”

இங்கே நாடகத்தை நிறுத்த வேண்டும். “பாட்டி என்ன செய்யலாம்?” என்று வகுப்பைக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? “தட்டைப் பிரிங்க பாட்டி! தட்டைப் பிரிங்க!” என்று கத்துவார்கள்.

பாட்டி ஒரு தட்டைப் பிரிக்கிறாள். இப்போது 4 தட்டு, 12 உதிரி. உதிரியில் 7 கொடுத்தால் மீதி 5. தட்டில் 2 கொடுத்தால் மீதி 2. ஆக மீதி 25.

அந்த நேரம் பார்த்துக் காக்காய் வருகிறது! ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு போகிறது. மீதி 24.

கவனித்தீர்களா? பாட்டி யாரிடமும் கடன் வாங்கவில்லை. தன் தட்டைத் தானே பிரித்தாள். வடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 5 தட்டு 2 உதிரி என்றாலும் 52, 4 தட்டு 12 உதிரி என்றாலும் 52. இந்த ஓர் உண்மை குழந்தையின் கண்ணில் பட்டுவிட்டால், கழித்தலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நாடகம் நடக்கும்போதே ஒரு பிள்ளை ‘கணக்கப்பிள்ளை’யாக நின்று, ஒவ்வொரு காரியத்தையும் கரும்பலகையில் எண்ணாக எழுத வேண்டும். தட்டைப் பிரித்ததும் 5-ஐ அடித்து 4 போட வேண்டும். 2-ஐ 12 ஆக்க வேண்டும். அப்போதுதான், நோட்டில் போடும் அந்த அடித்தலும் திருத்தலும் எதற்கு என்று விளங்கும்.

மொழி செய்யும் குழப்பம்

மும்பை போன்ற ஊரில் வாழும் தமிழ்க் குழந்தைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது மொழி.

வீட்டில் ‘ஐம்பத்திரண்டு’ என்று கேட்கிறது. அதில் ஐம்பதும் இரண்டும் பளிச்சென்று தெரிகின்றன. பள்ளியில் இந்தி என்றால் ‘பாவன்’. மராத்தி என்றால் ‘பாவன்ன’. இதில் ஐந்து எங்கே, இரண்டு எங்கே? தேடிப் பிடிக்க வேண்டும்.

இருபத்தொன்பதைப் பாருங்கள். இந்தியில் ‘உன்தீஸ்’. மராத்தியில் ‘ஏகோண்தீஸ்’. ‘முப்பதுக்கு ஒன்று குறைவு’ என்பது இதன் பொருள். ‘தீஸ்’ என்று காதில் விழுந்ததும், அதை முப்பதுகளில் கொண்டுபோய் எழுதிவிடும் குழந்தைகள் உண்டு.

இந்தச் சங்கடம் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் அல்ல. மராத்திப் பிள்ளைக்கும் உண்டு. அதனால்தான், மராட்டிய மாநிலப் பாடநூல் நிறுவனமான ‘பால பாரதி’, 2019-ல் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு மாற்றம் செய்தது. ‘பாவன்ன’ என்பதை ‘பன்னாஸ் தோன்’, அதாவது ‘ஐம்பது இரண்டு’ என்று படிக்கலாம் என்றது. மொழியின் அழகு போய்விடும் என்று ஒரு சாரார் எதிர்த்தார்கள். குழந்தைக்குச் சுலபம் என்று மறுசாரார் வாதாடினார்கள். பெரிய விவாதமே நடந்தது.

தமிழ் மட்டும் தப்பியதா என்றால், அதுவும் இல்லை! தொண்ணூறில் ‘நூறு’ ஒளிந்திருக்கிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒளிந்திருக்கிறது. நம் குழந்தைகளும் அங்கே சறுக்குகிறார்கள்.

நாடகம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. எந்த மொழியில் பெயர் சொன்னாலும், மேடையில் இருப்பது 5 தட்டும் 2 உதிரியும்தான். கையில் தொட்ட எண்ணை மூன்று மொழியில் சொல்லிப் பழகலாம். பெயர் தெரிந்து, பொருள் தெரியாமல் இருப்பதைவிட இது மேல் அல்லவா?

தன்னை எண்ணாத சீடர்கள்

ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பரமார்த்த குரு கதை இருக்கவே இருக்கிறது. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ்ப் புலவராகவே ஆகிவிட்ட வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டில் எழுதியது. 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும், எல்லோரும் வந்துவிட்டோமா என்று ஒரு சீடன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஐந்து! “ஐயையோ, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதே!” என்று அழுகை. அடுத்தவன் எண்ணினாலும் அதே ஐந்து. கடைசியில் ஒரு வழிப்போக்கன் வருகிறான். தன் கைத்தடியால் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டி எண்ண வைக்கிறான். ஆறு!

இதை நடித்தால் வகுப்பே சிரிக்கும். ஆனால், இதற்குள் மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒரு பொருளுக்கு ஓர் எண்தான். எதையும் விடக் கூடாது, எதையும் இரண்டு தரம் எண்ணக் கூடாது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை மாறாது. சின்னக் குழந்தைகள் புளியங்கொட்டை எண்ணும்போது செய்யும் தவறுகள் எல்லாம் இந்த மூன்றில் அடங்கிவிடும். சீடனைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தை, தன் தவறைத் தானே கண்டுபிடித்துவிடுகிறது. யாரும் திட்ட வேண்டியதில்லை.

குரங்கு செய்த நியாயம்

மூன்றாம் வகுப்புக்கு வருவோம். இரண்டு பூனைகள், ஓர் அப்பம், பஞ்சாயத்துப் பண்ண வந்த குரங்கு. இதுவும் தெரிந்த கதைதான்.

அப்பத்தை 20 துண்டாக வைத்துக்கொள்வோம். குரங்கு வேண்டுமென்றே 11, 9 என்று பிரிக்கிறது. “இந்தப் பக்கம் கூட இருக்கே!” என்று 11-ல் 3 துண்டைத் தின்கிறது. இப்போது 8, 9. “அடடா, அந்தப் பக்கம் கூடிப்போச்சே!” என்று 9-ல் 2. இப்போது 8, 7. மறுபடி 8-ல் 2. 6, 7. மறுபடி 7-ல் 2. 6, 5.

இதற்குள் குரங்கு வயிற்றில் போனது 9 துண்டு. பூனைகளுக்கு மீதி 11. எழுதிக்கொண்டே வரும் கணக்கப்பிள்ளை 9-ஐயும் 11-ஐயும் கூட்டி, 20 சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு கேள்வி: “குரங்கு யோக்கியனாக இருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?”

வித்தியாசம் 2 என்பதால் அந்த இரண்டையும் எடுத்துச் சின்னப் பக்கத்தில் போடலாம் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். போட்டுப் பார்க்கட்டும். 9, 11 ஆகிவிடும். சண்டை தீராது! வித்தியாசத்தில் பாதியை, அதாவது ஒரே ஒரு துண்டை மாற்றி வைத்தால் 10, 10. சண்டை முடிந்தது. பின்னாளில் ‘சராசரி’ என்று படிக்கப்போகும் பாடத்துக்கு இதுவே பிள்ளையார் சுழி.

சாலிஸ்காவ் பக்கத்தில் ஒரு மேதை

கதையில் கணக்குச் சொல்வது புதிய நாகரிகம் என்று நினைத்தால் அது தவறு. நம் நாட்டில் இது நூற்றாண்டுகளாக உள்ள பழக்கம்.

மும்பையிலிருந்து பூசாவல் போகும் ரெயிலில் சாலிஸ்காவ் வழியாகப் போயிருப்பீர்கள். அதற்கு அருகே பாட்டண் என்ற இடத்தில் 13-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருந்தது. 1114-ல் பிறந்த கணித மேதை பாஸ்கராச்சாரியாரின் நூல்களைப் படிப்பதற்காக, அவருடைய பேரன் சாங்கதேவர் 1207-ல் பள்ளி அமைத்த செய்தியை அது சொல்கிறது.

அந்த பாஸ்கரர் 1150-ல் எழுதியது ‘லீலாவதி’. அதில் தேனீக்கள் வருகின்றன, மயிலும் பாம்பும் வருகின்றன. எல்லாம் கணக்குகள்!

தேனீக் கணக்கைப் பாருங்கள். ஒரு தேனீக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்குப் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு வேறொரு பூவுக்குப் போயிற்று. இந்த இரண்டு பங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல் மூன்று மடங்கு, மூன்றாவது பூவுக்குப் போயிற்று. மிச்சம் ஒரே ஒரு தேனீ. தாழம்பூ வாசம் ஒரு பக்கம், மல்லிகை வாசம் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் தவித்துக்கொண்டிருக்கிறது. மொத்தம் எத்தனை?

விடை 15. ஐந்தில் ஒன்று 3. மூன்றில் ஒன்று 5. வித்தியாசம் 2, அதன் மும்மடங்கு 6. கூட்டினால் 14. தவிக்கும் தேனீ ஒன்று. ஆக 15.

பதினைந்து குழந்தைகளைத் தேனீயாக்கி வகுப்பில் பறக்கவிட்டால் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதலில் 3 பேர் போனதும், மிச்சம் 12 பேரில் மூன்றில் ஒன்று எடுத்துவிடுவார்கள் சில பிள்ளைகள். 4 வரும். கணக்கு உதைக்கும். “மூன்றில் ஒன்று என்றால் எதில் மூன்றில் ஒன்று? முழுக் கூட்டத்திலா, மிச்சத்திலா?” என்று அப்போது கேட்க வேண்டும். ஆகவே 15 பேரும் நிற்கும்போதே 3, 5 என்ற இரண்டு எண்களையும் கண்டுபிடித்துக்கொண்டு, அதன் பிறகு பறக்கவிட வேண்டும். பின்னத்தில் பெரியவர்களே ஏமாறும் இடம் இது.

தமிழிலும் குறைவில்லை. காரிநாயனார் செய்த ‘கணக்கதிகாரம்’ என்ற நூல் இருக்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, உள்ளே எத்தனை சுளை என்று சொல்லும் வழியைக்கூட அது பேசுகிறது!

பாயசம் கேட்ட கதை

கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோவிலில் பால் பாயசம் பிரசித்தம். அதற்கு ஒரு கதை சொல்வார்கள். சதுரங்கத்தில் ராஜாவை ஜெயித்த முனிவர், பரிசாக அரிசி கேட்டார். முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு. இப்படி இரட்டித்து இரட்டித்து 64 கட்டத்துக்கும் வேண்டும். “இவ்வளவுதானா?” என்று சிரித்தார் ராஜா. பிறகு அவரால் சிரிக்க முடியவில்லை. முனிவராக வந்தவர் கிருஷ்ணனே என்றும், அந்தக் கடன்தான் பாயசமாகத் தீர்ந்துவருகிறது என்றும் கதை முடிகிறது.

வகுப்பில் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றால் போதும். ஒவ்வொருவரும் முந்தியவரைப் போல் இரண்டு மடங்கு சொல்ல வேண்டும். பத்தாவது பிள்ளை சொல்வது 512. அதுவரை கூட்டினால் 1,023. ஒரு கிராமுக்குச் சுமார் 50 அரிசி என்று வைத்தால், இது 20 கிராம்தான். ஒரு கைப்பிடிகூட இல்லை.

இருபதாவது கட்டம் வரை கூட்டினால் 10,48,575. சுமார் 21 கிலோ. முப்பதாவது கட்டம் வரை சுமார் 21 டன். இரண்டு லாரி லோடு! 64 கட்டமும் நிறைந்தால் சுமார் 37 ஆயிரம் கோடி டன். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் அரிசி ஐம்பது கோடி டன்னை ஒட்டியது. அப்படியானால், முனிவர் கேட்டது சுமார் எழுநூறு வருட விளைச்சல்!

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ‘பத்து வட்டி’க்குக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி. கட்ட முடியாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனால், ஏழாம் மாதம் முடியும்போது 1,000 ரூபாய் 1,949 ரூபாய் ஆகும். எட்டாம் மாதம் 2,144. இரட்டிப்பைத் தாண்டிவிட்டது! அடுத்த எட்டு மாதத்தில் அது மீண்டும் இரட்டிக்கும். சதுரங்கப் பலகையில் ராஜா ஏமாந்தது மாதிரிதான், கடன் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் ஏமாறுகிறார். பத்து வயதில் இந்த நாடகத்தில் நடித்த பிள்ளை, இருபத்தைந்து வயதில் அந்தச் சீட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கும்.

பதினேழு யானை

ஐந்தாம் வகுப்புக்கு இன்னொரு பழைய கதை. அப்பா விட்டுப்போனது 17 யானை. மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று. யானையை வெட்டவா முடியும்? ஒரு பெரியவர் தன் யானையைக் கொண்டுவந்து சேர்த்தார். 18 ஆயிற்று. 9, 6, 2 என்று பிரித்துக் கொடுத்தார். மொத்தம் 17. தன் யானையில் ஏறிக்கொண்டு அவர் போய்விட்டார்!

கைதட்டல் ஓய்ந்ததும் கேட்க வேண்டும்: “அவர் யானை எப்படித் திரும்பி வந்தது?” பாதியையும், மூன்றில் ஒன்றையும், ஒன்பதில் ஒன்றையும் கூட்டினால் முழுசாக ஒன்று வராது. பதினெட்டில் பதினேழுதான் வரும். அப்பா எழுதிய உயிலிலேயே ஓட்டை! பெரியவர் செய்தது மந்திரம் அல்ல. இதைக் கேட்காமல் விட்டால், கதை வெறும் வித்தையாகப் போய்விடும்.

மீசை வைத்த அம்மா

வகுப்புக்குள் கதையையும் நாடகத்தையும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா. 1885-ல் பிறந்தார். தொழில் வக்கீல். தன் மகனை எப்படிப் படிக்க வைப்பது என்று யோசித்தவர், வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார். பாவ்நகரில் 1920-ல் குழந்தைகளுக்காக ‘பால மந்திர்’ தொடங்கினார். குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் ‘மூசாளி மா’. அதாவது மீசை வைத்த அம்மா!

அவர் எழுதிய ‘திவாஸ்வப்னா’ என்ற நூல், ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. நாலாம் வகுப்பை எடுத்துக்கொண்டு, அடியும் மனப்பாடமும் இல்லாமல், கதையும் நாடகமும் விளையாட்டுமாக ஒரு வருடம் நடத்திப் பார்க்கும் ஆசிரியரின் கதை அது. சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். பெற்றோர்கள் சந்தேகப்படுகிறார்கள். அவர் பின்வாங்கவில்லை. கிஜுபாய் 1939-ல் காலமானார். அந்தச் சந்தேகம் மட்டும் பல பள்ளிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது!

எச்சரிக்கை

சந்தேகப்படுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாடகம் என்று சொல்லி ஆண்டுவிழா ஒத்திகை நடத்துகிற ஆபத்து உண்டு. வசனமும் ஜிகினாவும் மிஞ்சி, கணக்குக் காணாமல் போய்விடும்.

நன்றாகப் பேசும் நாலு பிள்ளைகளே எப்போதும் நடித்துக்கொண்டிருந்தால், மற்ற நாற்பது பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். கணக்கில் பின்தங்கிய குழந்தைக்குத்தான் பாட்டி வேஷம் கொடுக்க வேண்டும். தட்டைப் பிரிக்கும் கை அந்தக் கையாக இருக்க வேண்டும்.

நாடகத்தோடு நிறுத்தவும் கூடாது. நடித்த கணக்கை அன்றே புளியங்கொட்டையில் செய்ய வேண்டும். பிறகு படமாக வரைய வேண்டும். பிறகு எண்ணாக எழுத வேண்டும். மறுநாள் கதை இல்லாமல், 63-ல் 38 என்று வெறும் கணக்காகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 25 என்று வந்தால் பாடம் ஏறியிருக்கிறது. 35 என்று வந்தால், பாட்டி மறுபடி கடை விரிக்க வேண்டும்!

வாய்ப்பாடும் வேண்டும். கதை புரிய வைக்கும். வாய்ப்பாடு வேகம் கொடுக்கும். இரண்டில் ஒன்று போதும் என்று நினைப்பது, வண்டிக்கு ஒரு சக்கரம் போதும் என்பது போல.

வீட்டில் செய்யலாம்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. தாராவியிலோ செம்பூரிலோ உங்கள் பிள்ளை எந்த மொழிப் பள்ளியில் படித்தாலும், இந்த நாடகத்துக்குப் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்பதில்லை. பத்துக்குப் பத்து அறை போதும். செலவு ஒரு பிடி புளியங்கொட்டை, நாலைந்து தட்டு. நேரம் இருபது நிமிடம்.

ஷிப்டு முடிந்து வரும் அப்பாவோ, ஆபீசிலிருந்து திரும்பும் அம்மாவோ, ஞாயிற்றுக்கிழமை ஒரு கதையை எடுத்துக்கொள்ளலாம். அண்ணனும் தங்கையும் பூனைகள், அப்பா குரங்கு! பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ‘இருபத்தேழு’, ‘சத்தாவீஸ்’ என்று இரண்டு மொழியும் சேர்ந்து வரும்.

பெற்றோர் அதிகம் படிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். மளிகைக் கடைப் பாக்கி, ரேஷன் அளவு, ஓவர்டைம் கூலி எல்லாம் மனக்கணக்காகவே போட்டு வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். தவறான விடை வந்தால் குட்ட வேண்டாம். “எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டால் போதும். தவறு எந்தத் தட்டில் இருக்கிறது என்று குழந்தையே காட்டிவிடும்.

மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் சரியா என்று பார்க்கவும், தராசு முள்ளைப் பார்க்கவும், கடன் சீட்டில் வட்டியைப் பார்க்கவும் தெரிந்த பிள்ளையை ஊரில் யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. அதற்கு முதல் படி, பாட்டி ஒரு தட்டைப் பிரிப்பதுதான்.